முள் காட்டாத பிரேக்

புனேயில் லாரிக்கு எந்தப் பக்கம் போனாலும் இறக்கம் உண்டு. பெங்களூர்ச் சாலையில் வரும் வண்டி சாத்தாரா தாண்டி, கம்பட்கி சுரங்கத்தை விட்டதும் ஒரு முறை இறங்கும். ஷிர்வள், கேட் சிவாப்பூர் கடந்து மறுபடி மேடேறி, காத்ரஜ் புதுச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் நர்ஹே, நவலே பாலம் வரைக்கும் டிரைவரின் கால் பிரேக்கை விட்டு நகராது. ஊரைக் கடந்து மும்பைத் துறைமுகத்துக்குப் போகிற வண்டிக்கு லோனாவாலாவுக்கு அப்பால் கண்டாலா காட். லோனாவாலா கடல் மட்டத்துக்கு 600 மீட்டர் மேலே. அடிவாரத்துக் கோபோலி 100 மீட்டருக்கும் கீழே. காத்ரஜ், கண்டாலா இறக்கங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது நிக்டி டிரான்ஸ்போர்ட் நகர். ஏர் பிரேக் மெக்கானிக் பட்டறை போட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

நான் தொழில் கற்றது சங்ககிரியில். தொண்ணூறுகளின் கடைசியில் ஊர்க்காரர் ஒருவரின் லாரியிலேயே ஏறி இங்கே வந்து சேர்ந்தேன். டி.என். 28, 34, 52 என்று நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி நம்பர் பிளேட்டுகள் இங்கே எப்போதும் கண்ணில் படும். சேலத்து ஜவ்வரிசி கொண்டு வருவார்கள். மராட்டியர் வீட்டில் விரத நாளில் கிச்சடிக்கு அதுதான். திரும்பும்போது சாக்கன் கம்பெனிகளின் உதிரிபாகமோ நாசிக் வெங்காயமோ ஏற்றிப் போவார்கள். வண்டிக்கு ஒரு குறை என்றால் தமிழ் பேசும் பட்டறையைத் தேடுவது டிரைவர்களின் வழக்கம். மராட்டி வண்டிகளும் வரும். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் நான் 'அண்ணா'தான்.

வருகிறவர்களில் பலர் பேச்சை ஒரே இடத்தில் தொடங்குவார்கள்: "ஏர் ஃபுல்லா இருக்குதுங்க." டேஷ்போர்டில் காற்றழுத்தம் காட்ட முன் சக்கரச் சுற்றுக்கு ஒன்று, பின் சக்கரச் சுற்றுக்கு ஒன்று என்று இரண்டு முள் இருக்கும். இரண்டும் எட்டு பார் பக்கம் நின்றால் டிரைவருக்கு நிம்மதி. ஆனால் டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைத் தவிர அந்த முள் வேறெதையும் சொல்லாது. அந்தக் காற்று சக்கரம் வரை போய் என்ன வேலை செய்தது என்பது அதற்குத் தெரியாது. டேங்க் நிறைந்திருக்கும் வண்டியும் இறக்கத்தில் நிற்காமல் போகும். இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்து வருவது, முள் காட்டாதவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பிரசர் காற்றை அழுத்தி, ஏர் டிரையர் வழியாக டேங்குக்கு அனுப்புகிறது. பெடலை மிதித்தால் ஃபுட் வால்வு திறந்து, காற்று ஒவ்வொரு சக்கரத்தின் சேம்பருக்கும் போகிறது. அங்கே டயாப்ரம் தள்ள, புஷ் ராடு வெளியே வருகிறது. அது ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்புகிறது. எஸ்-கேம் சுழன்று ஷூ இரண்டையும் விரிக்கிறது. லைனர் டிரம்மில் போய் அழுந்துகிறது. பின் சக்கரச் சேம்பரில் இன்னோர் அறை உண்டு. அதற்குள் முரட்டு ஸ்பிரிங் ஒன்று. ஹேண்ட் பிரேக்கை எடுத்தால் காற்று போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து அதே புஷ் ராடைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கும்.

காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்கு ஏர் பிரேக் செய்தார். முதலில் செய்ததில் குழாய் அறுந்தால் பிரேக் போய்விடும். சில வருஷத்திலேயே அதைத் திருப்பிப் போட்டு, குழாய் அறுந்தால் தானே பிடிக்கும்படி மாற்றினார். நம் நாட்டு லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்யச் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1962-ல், பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியோடு கூட்டாகத் தொடங்கியது. அந்தப் பிரேக் பிரிவு பிறகு வாப்கோ ஆகி, இன்றைக்கு இசட்.எஃப். பெயரில் இருக்கிறது. பெட்டியில் பெயர் மாறிவிட்டது. ஸ்பேர் கடையில் நாங்கள் இன்னும் 'வாப்கோ கிட்' என்றுதான் கேட்கிறோம்.

'காற்று போனாலும் ஸ்பிரிங் பிடித்துவிடும்' என்ற நம்பிக்கை டிரைவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை உண்டு. காற்று தள்ளினாலும் ஸ்பிரிங் தள்ளினாலும் தள்ளப்படுவது அதே புஷ் ராடு, சுழல்வது அதே கேம், தேய்ந்திருப்பது அதே லைனர். அந்தப் பகுதி கெட்டிருந்தால் இரண்டுமே கை கொடுக்காது. அதனால்தான் வண்டி வந்ததும் நான் கேபினில் ஏறுவதற்கு முன்னால் அடியில் படுக்கிறேன்.

வரிசை எப்போதும் ஒன்றுதான்: தண்ணீர், லீக், ஸ்ட்ரோக், லைனர்.

முதலில் தண்ணீர். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகும். ஏர் டிரையர் பெரும்பகுதியைப் பிடித்து, டேங்க் நிறைந்ததும் 'புஸ்' என்று வெளியே துப்பிவிடும். அதன் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டால் ஈரம் டேங்குக்குள் போய்த் தேங்கும். டேங்கின் அடியில் தொங்கும் வளையத்தை இழுத்தால் உண்மை வெளியே வந்துவிடும். வெறும் காற்று வந்தால் நல்லது. தண்ணீர் கொட்டினால் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும். புனேயில் ஜூனில் மழை இறங்குவதற்கு முன்னால் மாற்றிவிடுவது உத்தமம். வெண்மையாகக் குழம்பி எண்ணெயோடு வந்தால் கம்பிரசர் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த எண்ணெய்தான் கள்ளத்தனமாக வேலை செய்யும். வால்வுகளுக்குள் இருக்கும் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். அப்புறம் ஒரு நாள், பின் சக்கரங்களுக்குக் காற்றை விடும் ரிலே வால்வு தாமதமாகத் திறக்கும், அல்லது பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். டிரைவர் வால்வை மாற்றச் சொல்வார். கம்பிரசரைப் பார்க்காமல் வால்வை மட்டும் மாற்றினால் அடுத்த வால்வும் அதே கதிதான்.

அடுத்து லீக். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டேங்க் நிறையும் வரை இன்ஜினை ஓட்டி, அணைத்துவிட வேண்டும். பெடலை முழுக்க மிதித்துப் பிடித்தால் முள் முதலில் சற்று இறங்கி நிற்கும். அதற்குப் பிறகு இறங்குவதுதான் கணக்கு. அமெரிக்காவில் கனரக லைசென்ஸ் தேர்விலேயே இதைச் செய்து காட்டச் சொல்வார்கள். டிரெய்லர் இல்லாத வண்டிக்கு ஒரு நிமிஷத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. நம் மீட்டரில் அது 0.2 பார். அவ்வளவு சின்ன நகர்வு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் நான் இரண்டு மூன்று நிமிஷம் மிதிக்கச் சொல்லிவிட்டு, முள்ளை விட்டு வந்து காதைக் கொடுப்பேன்.

எங்கே சத்தம், எப்போது சத்தம் என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம். பெடலை மிதித்தபோது மட்டும் சேம்பரில் 'உஸ்' என்றால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் சத்தம் தொடங்கினால் ஸ்பிரிங் பக்கத்து சீல். பெடலில் யாரும் கால் வைக்காதபோதே ரிலே வால்வின் அடிவாயில் காற்று கசிந்தால் வால்வின் இருக்கையிலோ ஸ்பிரிங் சேம்பரிலோ கோளாறு. பகலில் இந்த நகரின் ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அப்போது சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான் காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வரும் வண்டியை நான் விரும்பிப் பார்ப்பேன்.

மூன்றாவது ஸ்ட்ரோக், அதாவது பெடலை மிதித்தால் புஷ் ராடு வெளியே ஓடும் தூரம். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆஷாட ஏகாதசிக்கு முன்னால் துகாராம் மகாராஜின் பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் தேஹூவிலிருந்து புறப்பட்டு, நிக்டியைக் கடந்து ஆகுர்டியில் தங்கும். அந்த நாளில் லாரிகளை நகர விடமாட்டார்கள். வேறு நாளில் நின்று பேச நேரமில்லாத டிரைவர்கள் அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்படி ஒரு பால்கி நாளில் பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்று நின்றிருந்தது. கண்டாலா இறங்கித் துறைமுகம் போக வேண்டிய வண்டி.

"எனக்கு ஒண்ணும் வேலை இல்லீங்கண்ணா. ஏர் எட்டுல நிக்குது. கிரீஸ் மட்டும் அடிச்சு வுடுங்க" என்றார் டிரைவர்.

"ரோடு தொறக்கற வரைக்கும் சும்மாதானே நிக்குது. பாத்துருவோம் தம்பி."

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தோம். இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டேன். ஸ்பிரிங் பிடித்திருக்கும்போது ஸ்ட்ரோக் அளந்தால் கணக்குத் தப்பும். பின் அச்சில் புஷ் ராடு சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். மேலே உதவிக்கு இருந்த மராட்டிப் பையனிடம் "தாப்" என்றேன். பெடல் இறங்கியது. வலது பக்கக் கோடு சேம்பர் முகத்திலிருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி வந்து நின்றது. இடது பக்கம் டேப்பை வைத்தால் இரண்டே கால். டிரைவரைக் கீழே கூப்பிட்டு, பையனை மறுபடி மிதிக்கச் சொல்லிக் காட்டினேன்.

"இந்த முப்பதாம் சைஸ் சேம்பருக்கு ரெண்டு இஞ்ச்தான் வரம்பு. ராடு மொத்தமா ஓடக்கூடியதே ரெண்டரை. மிச்சம் எவ்வளவு இருக்குது?"

"கால் இஞ்ச் இருக்குதுங்களே, பத்தாதுங்களா?"

"பட்டறையில பத்தும். கண்டாலா பாதி எறங்கறதுக்குள்ள டிரம் அதைத் தின்னுபுடும்."

அவர் நம்பவில்லை. முள் எட்டில் நிற்கிறதே என்று மறுபடி கேபினைக் காட்டினார். அவரிடம் சொன்ன கணக்கை இங்கேயும் சொல்கிறேன். பத்துச் சக்கர லாரிக்கே 2018 முதல் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன். அந்த எடை நூறு மீட்டர் உயரம் கீழே வந்தால் பிறக்கும் சக்தி, 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கண்டாலாவில் இறங்குவது அதைப் போல் ஐந்து மடங்கு. கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் டிரம்மில்தான் சூடாக இறங்க வேண்டும். 410 மில்லிமீட்டர் டிரம் முந்நூறு டிகிரிக்குச் சூடானால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் லைனர் டிரம்மைத் தேடிப் போகும் அந்தச் சிறிய தூரத்துக்குக் கேம் இன்னும் சுழல வேண்டும்; கேம் சுழலப் புஷ் ராடு பல மடங்கு கூடுதலாக ஓட வேண்டும். கையிருப்பில் இருந்த கால் இஞ்ச் அங்கே முடிந்துவிடும். ராடு கடைசி வரை போய்ச் சேம்பரின் சுவரில் இடித்து நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று கொடுத்தாலும் அழுத்துவது சேம்பரின் இரும்பைத்தான், டிரம்மை அல்ல. அப்போதும் முள் எட்டிலேயே நிற்கும். டிரைவர் 'பிரேக் ஃபெயில்' என்பார்.

அந்த வண்டியில் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் இருந்தது. லைனர் தேயத் தேயத் தானே இறுக்கிக்கொள்ளும் வகை. அப்படியிருக்க ஸ்ட்ரோக் ஏன் நீண்டது? டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் ஸ்பேனர் போட்டுத் தானே இறுக்கி வந்திருக்கிறார். பழைய வண்டிகளின் கைப் பழக்கம். மேனுவல் ஸ்லாக்கை லைனர் டிரம்மைத் தொடும் வரை இறுக்கி, கால் சுற்றோ அரைச் சுற்றோ தளர்த்திவிடுவது நாங்கள் எல்லோரும் செய்ததுதான். ஆட்டோ ஸ்லாக்கில் அந்த வேலை கூடாது. உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுழலும் கிளட்ச் இருக்கிறது. ஸ்பேனர் போட்டுத் திருப்பத் திருப்ப அது தேயும். அதைவிடப் பெரிய கேடு, உண்மையான கோளாறு மறைந்துபோவது. ஆட்டோ ஸ்லாக் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறெங்கோ தேய்மானம் இருக்கிறது. கேம் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். புஷ் தேய்ந்து நன்றாகவே ஆடியது. கிளிவிஸ் பின்னும் பாதி தேய்ந்திருந்தது. பின்னையும் புஷ்ஷையும் புதிதாகப் போட்டு, ஸ்லாக்கையும் மாற்றிய பிறகு இடது பக்கமும் ஒன்றரைக்கு வந்தது.

நான்காவது லைனரும் டிரம்மும். ரிவெட் தலை தட்டும் வரை ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது டிரம்மில் கோடு விழும். லைனர் செலவோடு டிரம் செலவும் சேரும். கடைசல் பிடித்த டிரம் என்றால் உள் விட்டம் எவ்வளவு வரை போகலாம் என்று டிரம்மிலேயே வார்த்திருக்கும். அந்த எழுத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் வண்டி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஒரு பக்க லைனரை மட்டும் மாற்றச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி இழுக்கும். டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஏர் கன்னால் ஊதக் கூடாது என்பது என் பட்டறைச் சட்டம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

முன் பிரேக்கைத் தளர்த்திவிடச் சொல்லிக் கேட்கும் டிரைவர்கள் இன்றும் வருகிறார்கள். முன் சக்கரம் பிடித்தால் ஸ்டியரிங் இழுக்கும், மழையில் வழுக்கும் என்பது அவர்கள் வாதம். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னால்தான் சாயும். அங்கே பிரேக் இல்லை என்றால் மொத்தச் சுமையும் பின் டிரம்களுக்குப் போய், அவை சீக்கிரம் சூடேறும். ஸ்டியரிங் இழுக்கிறது என்றால் இரண்டு பக்க ஸ்ட்ரோக்கும் சமமாக இல்லை; அதைச் சரிசெய்தால் இழுவை நின்றுவிடும்.

தொழிலுக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். ஸ்பிரிங் சேம்பரின் மூடியை ஒருபோதும் கழற்றாதே. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஒரு டன் அளவுக்குத் தள்ளும். கேஜ் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டாமல் கிளாம்ப்பைத் தளர்த்தினால் மூடி பறந்து வந்து ஆளைக் கொல்லும். பழுதான சேம்பரை முழுசாக மாற்றிவிடுவதுதான் நல்லது.

இவ்வளவு பார்த்து அனுப்பினாலும் நியூட்ரல் போடுகிற டிரைவரிடம் பட்டறை வேலை செல்லாது. 2022 நவம்பர் 20-ஆம் தேதி, ஞாயிறு இரவு, நவலே பாலத்தருகே ஒரு லாரி வரிசையாக வண்டிகளில் மோதிக்கொண்டே போனது. 48 வண்டிகள் என்று செய்தி வந்தது. பலருக்குக் காயம். டிரான்ஸ்போர்ட் நகரில் அன்றிரவு பேச்செல்லாம் பிரேக் ஃபெயில்தான். வண்டியைச் சோதித்த பிறகு வந்த தகவல் வேறு: முதற்கட்ட விசாரணையில், டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விட்டதாகத் தெரிந்தது.

இன்ஜினை அணைத்தால் கம்பிரசர் நின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கும் காற்று குறையும். ஈடுகட்ட ஆள் இல்லை. பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கியரில் இன்ஜின் தாங்கிக்கொண்டிருந்த பாரமெல்லாம் டிரம்மின் தலையில் விழும். இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரல் மட்டும் போட்டாலும் லாபம் இல்லை. எலெக்ட்ரானிக் முறையில் டீசல் பாயும் இன்றைய பி.எஸ். 4, பி.எஸ். 6 இன்ஜின்கள், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கே டீசல் எரியும். மிச்சம் என்று நினைத்து இழப்பை வாங்கிக்கொள்கிறார்கள்.

டிரைவரை மட்டும் குறை சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. நடைக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு என்று சொல்லி அனுப்புவது முதலாளி. மைலேஜ் நோட்டு மாதாமாதம் பார்க்கப்படுகிறது. பிரேக் கணக்குக்கு நோட்டே இல்லை, அது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு முந்தின வாரம் ஞாபகம் வரும். புது வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் எஃப்.சி., அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. ஆனால் லைனர் ஒவ்வொரு இறக்கத்திலும் தேய்கிறது.

எனக்கு வாடிக்கையான சில வண்டிகளுக்கு ஒரு சின்ன நோட்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். சக்கரத்துக்கு ஒரு கட்டம். ஸ்ட்ரோக் எவ்வளவு, லைனர் எவ்வளவு, தேதி. அளக்க அரை மணி நேரம் போதும். வேண்டியது சாக்பீஸும் டேப்பும். இரண்டு நடைக்கு நடுவில் ஒரு கட்டத்தில் எண் திடீரென்று கூடினால் டிரைவரே போன் செய்து கேட்கிறார். சங்ககிரி முதலாளி ஒருவர் இப்போது அந்த நோட்டின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் அடுத்த லோடு போடுகிறார். டீசல் கணக்கைக் கேட்கிற ஒவ்வொரு முதலாளியும் அதே மூச்சில் ஸ்ட்ரோக் கணக்கையும் கேட்டால், டிரைவர்கள் முள்ளைப் பார்ப்பதோடு நிற்காமல் வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார்கள்.